கல்லுப்பும் கருவேலம்பட்டையும்

2019 அக்டோபர் 14, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. என்னிடம் அப்போது முப்பத்தேழு ஆடு. பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து என் தொழுவத்துக்கு முன்னால் நின்ற பொண்ணின் பெயர் ஜெசிந்தா.

என்ன தம்பி, இந்த ஆள் இவ்வளவு சுத்தமாகத் தேதி சொல்கிறானே என்று பார்க்கிறீங்களா? என் பிள்ளைகள் பிறந்த தேதியே எனக்குத் தெரியாது. இது அந்தப் பொண்ணு ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி. ஒரு ஆடு தும்மினால்கூடத் தேதி, மணி, நிமிஷம் போட்டு எழுதுவாள். நாலு மாதம் பக்கத்தில் இருந்தேனா, தொற்றிக்கொண்டது.

உங்க குட்டிக்கு என்ன, கழிச்சலா? டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நமக்கு முன்னால் எட்டு பேர், அதில் ஒருத்தர் எருமையோடு வந்திருக்கார். இப்படி நிழலில் உட்காருங்க. நானா? நம்ம கிடாவுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. மற்றபடி நான் இந்தக் கால்நடை மருந்தகத்துப் பக்கமே வருகிறதில்லை. அந்தக் கம்பவுண்டர் என்னைப் பார்த்துப் பேர் சொல்லிச் சிரிக்கிறாரே என்று நினைக்காதீங்க, அது சும்மா பழக்கம். ஆட்டு வைத்தியத்தில் ஒரு பொண்ணுக்கு டாக்டர் பட்டமே வாங்கிக் கொடுத்தவன் நான். முத்திருளாண்டி என்று விளாத்திகுளம் சுற்று வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. பட்டம் அவளுக்குப் போச்சு, பேர் ஆட்டுக்குப் போச்சு. எனக்கு என்ன வந்தது? அதைத்தான் சொல்கிறேன்.

அவள் கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஊர் மணப்பாடு. கடற்கரைப் பிள்ளை. ஆட்டைப் பற்றி ஐந்தாறு வருஷம் படித்திருந்தாள், ஆனால் கருசக்காட்டு வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடந்ததில்லை. அன்றைக்கு முகமெல்லாம் கன்றிப்போய் வந்து நின்றாள். வெள்ளத்தாய் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். வெள்ளத்தாய் என் வீட்டுக்காரி. நிறுத்தாமல் குடித்துவிட்டு இந்தப் பொண்ணு கேட்டாள்:

"அண்ணாச்சி, ஆட்டுக்கு வயித்துல பூச்சி விழுந்தா, யாரும் கொடுக்காம, அதுவாத் தேடிப் போய்த் தின்னுற செடி ஏதாவது பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை தம்பி. உண்மையைச் சொல்லணும். முப்பது வருஷம் மேய்க்கிறேன். ஆடு எதைத்தான் தின்னாது? அதில் எது தீனி, எது மருந்து என்று யார் கண்டது? ஆட்டுக்குப் பூச்சி என்றால் நாம் மூங்கில் குழாயில் கசாயத்தை ஊற்றி, வாயைப் பிளந்து புகட்டுவோம். அதற்கும் அடங்கவில்லை என்றால் இங்கே மாத்திரை வாங்க வருகிறவர்கள் வருவார்கள். நான் சொல்வது மற்றவர்களை.

ஆனால் அவள் ஏற்கெனவே மூன்று ஊரில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று ஊரிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மனசாட்சி இல்லாதவர்கள். நம் பக்கத்தில் வழி கேட்டு வருகிறவனிடம் தெரியாது என்று சொல்வோமா? கையை நீட்டி ஏதாவது ஒரு திசையைக் காட்டி அனுப்பினால்தானே நமக்குத் திருப்தி. அதுவும் வெயிலில் நடந்து வந்த பொம்பளைப் பிள்ளை. அவளிடம் போய் இல்லை என்று சொல்ல எப்படி வாய் வரும்?

"இருக்கு தாயி" என்றேன்.

கண் அப்படியே விரிந்தது. "என்ன செடி?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. காலடியில் பார்த்தேன். ஆடுதீண்டாப்பாளை படர்ந்து கிடந்தது. உங்களுக்குத் தெரியுமே, கருசக்காட்டில் எங்கே பார்த்தாலும் கிடக்கும், கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. அதைக் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேருலயே ஆடு தீண்டாதுன்னு இருக்கே அண்ணாச்சி?"

"அது நல்லா இருக்குற ஆடு, தாயி. நோய்ப்பட்ட ஆடு தீண்டும்."

எப்படி? எனக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளே வெள்ளத்தாய் இருமிய சத்தம் கேட்டது. அவளுக்கு இருமல் கிடையாது. அந்தப் பொண்ணு நோட்டை எடுத்து எழுதினாள். எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவாள், இனி எங்கே வரப்போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

சரியாக ஏழாவது நாள், அக்டோபர் 21, திங்கட்கிழமை, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள்.

அவளுடைய பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தாராம். ஆடு தீண்டாத செடியை நோய்ப்பட்ட ஆடு தேடித் தின்கிறது என்று இதுவரை ஒருத்தரும் எழுதினதில்லையாம். எப்படி எழுதுவார்கள்? அதனால் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் ஓடைக்கரைப்பட்டியில் தங்கி, என் ஆட்டைப் பார்த்து, அதை நிரூபித்துக் காட்டினால் பட்டம். வீட்டு முன்னறையைக் கொடுத்தோம். வெள்ளத்தாய் அவளுக்குத் தினமும் கம்பங்கூழ், துவையல், மீன் கிடைத்தால் மீன். வீட்டில் பொம்பளைப் பிள்ளை இல்லாத குறையை நாலே நாளில் தீர்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஆட்டைப் பிரித்தாள். கழுத்தில் கலர் கலராகக் கயிறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் ஒரு சின்னப் பையோடு நிற்பாள். புழுக்கை விழுந்ததும் சுடச்சுட எடுத்து, எண் எழுதி, முன்னறையில் வைத்திருந்த கருவியில் கண்ணை வைத்து, அதில் எத்தனை பூச்சி முட்டை என்று எண்ணுவாள். ஆட்டின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் நல்ல ஆடு, வெளிறியிருந்தால் பூச்சி ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நாள் முழுக்க ஆட்டோடு நடந்து, எது எதைத் தின்றது, எத்தனை நிமிஷம் தின்றது என்று எழுதுவாள்.

ஊரே சிரித்தது. டீக்கடை சண்முகவேல் என்னைக் கண்டால் விட மாட்டார். "என்ன வே, உம்ம வீட்டுல புழுக்கைக்குக்கூட ஆஸ்பத்திரிச் சீட்டுப் போடுதாங்களாமே? எங்க வீட்டுலயும் நாலு ஆடு இருக்கு, நாங்க வெறுமனே குப்பையில கொட்டிக்கிட்டிருக்கோம்" என்பார்.

"படிச்ச பிள்ளை வே. உமக்கு என்ன தெரியும்?" என்பேன்.

"எனக்குத் தெரியாது. ஆனா ஆடுதீண்டாப்பாளையை ஆடு தீண்டுமுன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொன்ன படிப்பாளி யாருன்னு மட்டும் தெரியணும்" என்பார். நான் டீயை ஊதிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பன்னிரண்டில் ஏழாம் எண் மோழைச்சி. கொம்பு இல்லாத ஆடு, அதனால் அந்தப் பேர். அதற்குத்தான் பூச்சி அதிகம். கார்த்திகை பாதியில் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கியது. ஜெசிந்தா அதன் பின்னாலேயே அலைந்தாள். எல்லாச் செடியையும் மோந்து பார்க்கும். ஆடுதீண்டாப்பாளை பக்கத்தில் வந்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அறுபது நாள். பன்னிரண்டு ஆடும் திருப்பிக்கொண்டன. ஆடு என்றால் அவ்வளவு பிடிவாதம்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. தொழுவத்துக்குப் பின்னால் ஒரு நாட்டுக் கருவேலமரம் நிற்கிறது. சீமைக் கருவேல் இல்லை தம்பி, நாட்டுக் கருவேல், என் விரல் பருமனுக்குக் குச்சி ஒடிக்கலாம். எனக்குப் பல் விளக்க அந்த மரத்துப் பட்டைதான். இடித்துச் சலித்து ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். ஈறு இரும்பு மாதிரி இருக்கும். வயிறு இளகினால் அந்தப் பட்டையில் ஒரு துண்டைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஒரே நாளில் கட்டும். இந்த ஆடுகள் என்ன செய்யும் தெரியுமா? விடிந்ததும் தொழுவத்தைத் திறந்தால் நாலைந்து ஆடு நேராக அந்த மரத்துக்கு ஓடும். முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டையை உரித்து உரித்துத் தின்னும். காட்டில் அவ்வளவு பச்சை கிடக்கிறது, அதை விட்டுவிட்டு என் பல்பொடியைத் தின்றால் கோபம் வருமா வராதா? கம்பெடுத்து நாலு சாத்துச் சாத்தி விரட்டுவேன். தினமும் இதே வேலை.

ஜெசிந்தா இதைப் பார்த்ததில்லை. அந்த நேரம் அவள் முன்னறையில் புழுக்கையோடு இருப்பாள். ஒரு தடவை சத்தம் கேட்டு, "என்ன அண்ணாச்சி?" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி, வீட்டுப் பக்கம் நடக்குறதெல்லாம் எழுத வேண்டாம், காட்டுல மேயுறதை மட்டும் எழுதினாப் போதும்" என்றேன். நம் ஆட்டின் திருட்டுப் புத்தி புத்தகத்தில் ஏறினால் நமக்குத்தானே அசிங்கம்.

டிசம்பர் 20. அவளுடைய பேராசிரியர் போனில் பேசினார். தை பிறந்து தரை காய்ந்தால் பூச்சி குறைந்துவிடும், அதற்குள் ஒரு ஆடாவது அந்தச் செடியில் வாய் வைக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொள், மூன்று வருஷமும் போகட்டும், முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று அம்மாவிடம் பேசினாள். பேச்சு பாதிதான் கேட்டது. மீதி அழுகை.

வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவள் அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

மறுநாள் விடியும்போது அடுக்களையில் கல்லுப்பு டப்பாவைத் திறந்தேன். ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். ஒரு படி உப்பைக் குடத்தில் போட்டுக் கரைத்தேன்.

"இவ்வளவு உப்பு எதுக்கு? கருவாடு போடவா?" என்றாள் வெள்ளத்தாய்.

"ஓடைப் பக்கம் பாளைச் செடி மேல தெளிக்கப் போறேன்."

வெள்ளத்தாய் குடத்தை எட்டிப் பார்த்தாள். "ஊறுகாய்தான் உப்புல ஊறவைப்பாக. நீங்க பொய்யை ஊறவைக்கீங்க. சரி, போங்க. கெட்டுப்போகாம இருந்தாச் சரி."

மூன்று நாள் விடியற்காலை தெளித்தேன். டிசம்பர் 23, திங்கட்கிழமை, காலை எட்டு பதினேழு. மோழைச்சி செடியை மோந்தது. நாக்கை நீட்டி ஒரு இலையை நக்கியது. அப்புறம் ஒரு கொடியையே இழுத்துத் தின்றது. ஜெசிந்தா ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க சொன்னது நிஜம்" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கே நிஜம் என்றுதான் பட்டது தம்பி. ஆடு தின்றதா இல்லையா? தின்றது. உப்பு நான் போட்டது, வாய் அதனுடையது.

மறுநாள் அவள் கிறிஸ்துமஸுக்கு மணப்பாடு போகிறதாக இருந்தது. பை கட்டி வாசலில் வைத்தாயிற்று. மோழைச்சி விழுந்துவிட்டது. கழிச்சல், தண்ணீராகப் போகிறது. தலை நிற்கவில்லை. பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அம்மாவுக்குப் போன் போட்டு, "வரலம்மா" என்றாள். அவ்வளவுதான். இரவும் பகலும் ஆட்டின் பக்கத்திலேயே இருந்தாள். பெருநாளும் அதுவுமாகத் தொழுவத்தில் ஒரு பொண்ணு. வெள்ளத்தாய் அவளுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்து, தொழுவத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

25-ஆம் தேதி காலை ஆட்டைக் கட்டியே போட்டிருந்தேன். வெள்ளத்தாய் வந்து அவிழ்த்துவிட்டாள். "சாகுறதுன்னா நடந்து சாகட்டும், கட்டிப்போட்டு ஏன் சாகணும்?" என்றாள். மோழைச்சி தள்ளாடி எழுந்தது. எழுந்து என்ன செய்தது தெரியுமா? ரெண்டு அடி வைக்கும், நிற்கும், ரெண்டு அடி வைக்கும், நிற்கும். நேரே என் கருவேலமரத்துக்குப் போய், முன்னங்காலைத் தூக்க முடியாமல் அடிமரத்திலேயே வாயை வைத்துப் பட்டையைக் கடித்தது.

சாகப் போகிற நேரத்திலும் திருட்டுப் புத்தி! நான் கம்பைத் தூக்கினேன்.

"அடிக்காதீங்க!" என்று ஒரு சத்தம். ஜெசிந்தா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"திருட்டுத் தீனி, தாயி. தினமும் இதே சோலிதான்."

அவள் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமுமா?"

"தினமும். விடிஞ்சதும். எத்தனை அடி வாங்கினாலும் புத்தி வரல."

"எல்லா ஆடுமா அண்ணாச்சி?"

"எல்லாம் எங்கே? அஞ்சு திருட்டு ஆடு. இந்த மோழைச்சி, காதறுந்தது ஒண்ணு, செவலை, அந்த ரெண்டாம் ஈத்து ஆடு, அப்புறம் புள்ளிக்காரி. மத்த ஆடெல்லாம் ஒழுங்கு. அந்த மரத்தைத் திரும்பிக்கூடப் பாக்காது."

அவள் உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்துப் பார்த்தாள். ஏழு, மூன்று, பதினொன்று, ஐந்து, இரண்டு. பன்னிரண்டு ஆட்டில் பூச்சி முட்டை அதிகம் இருந்தது ஐந்து ஆட்டுக்கு. அதே ஐந்து.

"அண்ணாச்சி, நான் அறுபத்தஞ்சு நாளாத் தேடுனதை நீங்க தினமும் கம்பால அடிச்சு விரட்டியிருக்கீங்க" என்றாள்.

பார்த்தீங்களா? யாருடைய அடியால் கண்டுபிடித்தது? நான் அடிக்காமல் இருந்திருந்தால் எந்த ஆடு வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்குமா? இதை அவள் புத்தகத்தில் எழுதவே இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் வந்த புதிதிலேயே மரங்களில் நாலு கேமராப் பெட்டி கட்டி வைத்திருந்தாள், எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும். கருவேலமரத்துப் பக்கம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்க நாலையும் கழற்றிக் கொண்டுவந்தாள். ஓடைப் பக்கத்துப் பெட்டியைப் பார்க்கும்போது கம்ப்யூட்டரை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். மூன்று விடியல், மூன்று படம். ஒரு ஆள் குடத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இது யாரு அண்ணாச்சி?"

"யாரோ... என்னை மாதிரி ஆளு."

வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். "வேட்டி நம்ம வேட்டிதான். கரையில நான் போட்ட தையல் தெரியுது."

ஜெசிந்தா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உப்பா?" என்று கேட்டாள்.

"கல்லுப்பு."

"அப்ப முதல் நாள் சொன்னது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நோட்டை மூடினாள். மறுபடி திறந்தாள். முதல் பக்கத்துக்குப் போய் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருக்கலாம் தம்பி. அவள் வயசுக்கு என் மூஞ்சியில் நோட்டை வீசியிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

"வெயில்ல நடந்து வந்தே தாயி" என்றேன். "இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் வெள்ளத்தாயிடம் திரும்பி, "அக்கா, இவரோட நீங்க எப்படிக் காலம் தள்ளுறீங்க?" என்றாள்.

"வழி கேக்காம இருந்துக்கிடுவேன்" என்றாள் வெள்ளத்தாய்.

பாளைச் செடியைத் தின்றதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அதுதான் மோழைச்சிக்குக் கழிச்சல் வைத்தது, அந்தச் செடி ஆட்டுக்கு நஞ்சு, ஆடு தீண்டாமல் இருந்ததுதான் அதன் புத்தி என்று சொன்னாள். மோழைச்சி மூன்று நாளில் எழுந்துவிட்டது. பேராசிரியரிடம் என்ன சொன்னாளோ, செடியை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டாள். ஆனால் இனிமேல்தான் உண்மையான சோதனை என்றாள். சோதனை அவளுக்கு இல்லை தம்பி, எனக்கு. ஜனவரி 2-லிருந்து நாற்பது நாள் நான் கம்பைத் தொடக் கூடாது. ஆடு மரத்துக்குப் போனால் போகட்டும், நான் கல்லில் உட்கார்ந்து சும்மா பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தேன். வாயில் கருவேலங்குச்சியை வைத்து மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே ஐந்து ஆடு அதே மரத்தை மென்றுகொண்டு நிற்கும். வெள்ளத்தாய் தொழுவம் கூட்ட வந்தவள், எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஆட்டுக்கும் ஒரே வைத்தியர்போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் குச்சியைத் துப்பிவிட்டேன். நான் மெல்வது பல்லுக்கு. அது வேறு.

அந்த ஐந்தில் இரண்டு ஆட்டுக்குப் பாதியில் பூச்சி மாத்திரை கொடுத்தாள். மோழைச்சிக்குக் கொடுக்கவில்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி எண்ணிக்கை முடிந்தது. பட்டையை மட்டும் தின்ற மூன்றுக்கும் முட்டை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மோழைச்சியின் தாடைப் பை வற்றிவிட்டது. மாத இறுதியில் அவள் புறப்பட்டாள். வெள்ளத்தாய் பஸ் நிறுத்தம் வரை போய் அழுதாள். நானும் போனேன். எனக்குக் கண்ணில் தூசி.

அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்து ஆராய்ச்சி நூலை எழுதி முடித்து ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். கனம் என்றால் ஒரு செங்கல் கனம். இங்கிலீஷ். "என் பேரு எங்க இருக்கு தாயி?" என்று கேட்டேன். முன்னால் ஒரு பக்கத்தில் நன்றி என்று போட்டு என் பேர், வெள்ளத்தாய் பேர், முப்பத்தேழு ஆடு. சரி, உள்ளே? ஆறாம் அத்தியாயத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு அத்தியாயமே எனக்கு. தலைப்பைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தயங்கினாள். "மேய்ப்பரின் இடையூறு" என்றாள்.

இடையூறு! நாற்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் இடையூறு. பட்டையைத் திருடித் தின்ற மோழைச்சிக்குப் படத்தோடு நாலு பக்கம். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஆராய்ச்சி பண்ணினவர்கள் கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும், அதில் தேறினால்தான் பட்டம். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். நான் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வெள்ளத்தாய் புதுச் சேலை. ஏசி அறை, முந்திரி கேக், மிக்சர். வடக்கேயிருந்து வந்திருந்த பெரிய பேராசிரியர் ஒருத்தர்தான் தேர்வு நடத்துகிறவர். கேள்வி மேல் கேள்வி. ஜெசிந்தா தண்ணீர் குடித்துக் குடித்துப் பதில் சொன்னாள். அவளுடைய அம்மா பின்வரிசையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மைக்கில் சொன்னார்கள்: பார்வையாளர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

நான் எழுந்தேன். வெள்ளத்தாய் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

"ஆடு மருந்துன்னு தெரிஞ்சு தின்னுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ருசிக்காகத் தின்னிருந்தா?"

அவளுடைய பேராசிரியர் முகம் வெளுத்துவிட்டது. பெரிய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதுதான் இன்றைக்கு வந்த கேள்விகளில் முக்கியமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லட்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால்? நானே கெடுத்துவிட்டேனா?

ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சொன்னாள். "ருசின்னா பன்னிரண்டு ஆடும் தின்னிருக்கணும் அண்ணாச்சி. நல்லா இருந்த ஏழும் அந்த மரத்துப் பக்கமே வரல. மாத்திரை கொடுத்த ரெண்டு ஆடும் பத்து நாள்ல மரத்தை மறந்துடுச்சு. ருசின்னா மறக்குமா? அதுக்கு அது மருந்துன்னு தெரியுமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். நோய் இருக்கும்போது தேடுது, நோய் போனதும் விட்டுடுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பெரிய பேராசிரியர் தலையை ஆட்டினார். அப்புறம், இந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர் யார் என்று விசாரித்தார்.

"இவர்தான் சார்" என்றாள் ஜெசிந்தா, "ஆறாம் அத்தியாயத்துல வர்ற இடையூறு."

அறை முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். ஒரு நிமிஷமாவது தட்டியிருப்பார்கள். வெள்ளத்தாய் அது ஜெசிந்தாவுக்குத் தட்டியது என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அன்றைக்கே பட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். என் கேள்வி இல்லையென்றால் அவ்வளவு சீக்கிரம் கொடுத்திருப்பார்களா?

இப்போதும் அடிக்கிறேனா என்று கேட்கிறீங்களா? இல்லை. தோள்பட்டை வலி, கம்பு தூக்க முடிகிறதில்லை. பல்பொடியைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தாங்க, டாக்டர் வண்டி வந்துவிட்டது. குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்க. மோழைச்சியா? 2023 நவம்பர் 22, புதன்கிழமை, காலை ஆறரை மணிக்குச் செத்துப்போனது. ஜெசிந்தா பஸ் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். வயிற்றை அறுத்துப் பார்த்தாள். பூச்சி இல்லை. வயசு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.